முன்சக்கரத்து டிஸ்க்கும் என் நாக்கும்

என் வயதுக்காரிகளே, மூன்றரை மணிக்கு விடும் பள்ளிக்கூடத்துக்கு மூன்று மணிக்கே வந்து வாசலில் நிற்கிறவர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். போன வாரம் என் காரின் முன்சக்கரங்களில் பிரேக் பேடையும் டிஸ்க்கையும் சேர்த்தே மாற்றினேன் என்று சொன்னதும் உங்களில் ஒருத்தி, "பேடு மட்டும் மாத்துனாப் பத்தாதாடி? டிஸ்க்கு என்ன பாவம் பண்ணுச்சு?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தீர்கள். அதற்குள் மணி அடித்து, பிள்ளைகள் வந்துவிட்டார்கள். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. பதில் கொஞ்சம் நீளம்.

நான் பயந்தவள்தான், அதை மறுக்கவில்லை. கேஸை மூடினேனா என்று தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து பார்ப்பேன். மகளுக்குக் காய்ச்சல் மருந்து ஊற்றும்போது அளவை மூன்று தடவை படிப்பேன், அவள் குடித்து முடித்த பிறகு நாலாவது தடவையும் படிப்பேன். இதை எழுதும்போதுகூட, அப்பாவைப் பற்றி இப்படியெல்லாம் எழுதலாமா என்று இரண்டு முறை நிறுத்தினேன். ஆனால் டிஸ்க்கை நான் மாற்றியது பயத்தால் இல்லை, கோபத்தால். எனக்குப் பத்து வயதாக இருந்தபோது ஒரு கோடையில் வந்த கோபம் அது.

அந்தக் கோடையில் அப்பா வளைகுடாவிலிருந்து இரண்டு மாத விடுப்பில் வந்தார். வந்த மறுவாரமே ஒரு பழைய வெள்ளைக் காரை வாங்கிக்கொண்டு வந்து நிறுத்தினார். கந்தர்வக்கோட்டைக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரில் அதற்கு முன் சொந்தக் கார் கிடையாது. முந்திரி சீசன் அது. முந்திரிப்பழத்தைக் கூடையோடு பின்சீட்டில் ஏற்றி இரண்டு நாள் ஓட்டியதில் அதன் புளித்த வாசனை சீட்டிலேயே தங்கிவிட்டது. அப்பா அதன் மேல் வெளிநாட்டு சென்ட் அடித்தார். இரண்டு வாசனையும் கலந்து மூன்றாவதாக ஒன்று உண்டாயிற்று. அதை இன்றுவரை நான் வேறெங்கும் முகரவில்லை. ஸ்டியரிங்குக்கு முன்னால் சிவப்பு வெல்வெட் துணி விரித்திருந்தார். வெயிலில் ரெக்சின் சீட் தொடையோடு ஒட்டிக்கொள்ளும், எழுந்திரிக்கும்போது பிய்த்துக்கொண்டுதான் எழ வேண்டும்.

தினமும் காலையில் கார் கழுவுவோம். மேல்பாகம் அப்பா, கண்ணாடி அம்மா. சக்கரங்கள் என் உயரத்துக்குத் தோதாக இருந்ததால் அவை என் பொறுப்பு. கொடுத்த வேலையைச் சரியாகச் செய்கிற பிள்ளை நான். பின்சக்கரங்களில் எங்கள் ஊர்ச் செம்மண் இருக்கும். முன்சக்கரங்களில் மட்டும் ஒரு கரும்பொடி படிந்திருக்கும், துடைத்தால் விரலில் மை மாதிரி ஒட்டும். மூன்றாவது வாரத்தில் இடது முன்சக்கரத்துப் பொடி மினுங்க ஆரம்பித்தது, ஊசியைப் பொடித்துத் தூவியதுபோல. சக்கரத்து ஓட்டை வழியாக எட்டிப் பார்த்தேன். உள்ளே ஒரு இரும்புத் தட்டு. அதுதான் டிஸ்க், சக்கரத்தோடு சேர்ந்து சுற்றுவது. பிரேக்கை மிதித்தால் இரண்டு பக்கமும் பேடு வந்து அதை இறுக்கிப் பிடிக்கும். இந்தப் பெயரெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. தட்டின் முகத்தில் சீப்பால் கீறியதுபோல வரிவரியாகக் கோடுகள் இருந்தன. நடுவில் தேய்ந்து, விளிம்பு மட்டும் வயல் வரப்பு மாதிரி மேடாக நின்றது.

அன்றிலிருந்து காது கொடுத்துக் கேட்டேன். அப்பா பிரேக்கை அழுத்தும்போதெல்லாம் கீழேயிருந்து கரகரவென்று சத்தம் வந்தது.

அதைச் சொல்வதில் எனக்கு ஒரு தடங்கல் இருந்தது. என் நாக்கின் நுனியில் கறுப்பாக ஒரு மச்சம் உண்டு. ஊரில் அதற்குக் கருநாக்கு என்று பெயர். நான் சொன்னால் பலித்துவிடும் என்றார்கள். ஓரமாக வைத்த குடத்தைப் பார்த்து "விழப்போகுது" என்றேன், விழுந்தது. பக்கத்து வீட்டுப் பந்தலின் ஒரு காலில் கறையான் இருந்ததைப் பார்த்து "சாயப்போகுது" என்றேன், சாய்ந்தது. இப்போது யோசித்தால் தெரிகிறது, நான் கொஞ்சம் உற்றுப் பார்க்கிற பிள்ளை, அவ்வளவுதான். கண் பார்த்ததை வாய் சொன்னது. அவர்கள் கண்ணை விட்டுவிட்டு வாயைப் பிடித்துக்கொண்டார்கள்.

அதனால் எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் ஏற்பட்டது. யாராவது பயணம் கிளம்பினால் அம்மா ஒரு கற்கண்டுக் கட்டியைக் கொண்டுவந்து என் வாயில் போடுவார். அது கரைவதற்குள் கிளம்புகிறவர்கள் தெருவைத் தாண்டிவிட வேண்டும். வந்த விருந்தாளிகளும் செருப்பை மாட்டிக்கொண்டே, "பாப்பா வாயில போட்டாச்சா? நாங்க கெளம்பலாமா?" என்று கேட்பார்கள். நானும் ஆவென்று காட்டுவேன். கற்கண்டு கிடைக்கிறதே என்று எனக்கு அதில் சந்தோஷம்கூட இருந்தது. அதை நினைத்தால்தான் இன்று எனக்கு அதிகமாக எரிகிறது.

வண்டி வீட்டில் நின்ற நேரமாகப் பார்த்து, கடைசியில் அப்பாவிடம் சத்தத்தைச் சொன்னேன். வண்டி என்றால் சத்தம் போடத்தான் செய்யும் என்றார். ஆனால் அவருக்கும் கேட்டிருக்கிறது. இரண்டு நாள் கழித்து என்னையும் ஏற்றிக்கொண்டு கந்தர்வக்கோட்டையில் ஒரு பட்டறைக்குப் போனார். மெக்கானிக் சக்கரத்தைக் கழற்றினார். குனிந்து பார்த்தார். அந்தப் பக்கத்துச் சக்கரத்தையும் கழற்றிப் பார்த்துவிட்டு வந்தார்.

"அண்ணே, ரெண்டு பக்கமும் பேடு போச்சு. இங்கிட்டு இரும்போட இரும்பு தேயுது. டிஸ்க்கும் மாத்தியாகணும். திருச்சியிலேர்ந்து வரணும், ரெண்டு நாளாகும்."

"நாளைக்குக் காலையில மீமிசல் போகணுமேப்பா. தங்கச்சி மக காதுகுத்து. தாய்மாமன் நாந்தான்."

"பஸ்ல போங்க. வேன்ல போங்க."

"சீரு என் கார்லதான் வருதுன்னு அங்க சொல்லிட்டேனே."

"கார்கிட்ட கேட்டுட்டா சொன்னீங்க?" என்றார் மெக்கானிக்.

அப்பா சிரிக்கவில்லை. மெக்கானிக் தேடி எடுத்து, வேறு வண்டியில் கழற்றிய ஒரு ஜோடி பேடை இடது சக்கரத்தில் மட்டும் மாட்டினார். வலது பக்கத்துக்கு அவரிடம் ஒன்றும் இல்லை. "வீடு போய்ச் சேர இது தாங்கும். வெளியூருக்கு எடுக்காதீங்கண்ணே. ஒரு பக்கம் புடிக்கும், ஒரு பக்கம் புடிக்காது, வண்டி இழுக்கும்" என்றார். நான் பக்கத்தில்தான் நின்றேன். ஒரு வார்த்தை விடாமல் எனக்குக் கேட்டது.

திரும்பி வரும் வழியில் அப்பா, "அம்மாட்ட ஒண்ணும் சொல்லிக்கிற வேணாம், என்ன?" என்றார். "சரிப்பா" என்றேன்.

மறுநாள் காலை ஆறு மணி. காருக்குள் தாம்பாளங்களில் பழம், பூ, பட்டுப்பாவாடை, தங்கத்தோடு. பின்னால் ஒரு வேனில் சொந்தக்காரர்கள். அம்மா என் வாயில் வழக்கத்தைவிடப் பெரிய கட்டியாகப் போட்டார். அப்பா வண்டியைப் பின்னால் எடுத்துப் பிரேக்கை அழுத்தினார். கர்ரென்றது. இம்முறை வலது பக்கத்திலிருந்து.

நான் கற்கண்டைத் துப்பிக் கையில் வைத்துக்கொண்டு, "அப்பா, பிரேக் புடிக்கலைன்னா என்னப்பா செய்வீங்க?" என்று கேட்டேன்.

அப்பா இன்ஜினை நிறுத்தினார். வேனிலிருந்து தலைகள் எட்டிப் பார்த்தன. "சீரு கெளம்புற நேரத்துல என்ன பேச்சுடி இது?" என்று அம்மா என் தொடையில் கிள்ளினார். சகுனம் கெட்டுவிட்டதால் எல்லோரும் இறங்கினோம். ஐந்து நிமிஷம் உட்கார்ந்து, ஆளுக்கு ஒரு வாய் தண்ணீர் குடித்து, மறுபடி சூடம் காட்டினோம். முன்சக்கரங்களுக்கு அடியில் புதிதாக இரண்டு எலுமிச்சம்பழம் வைத்தார்கள். வேனிலிருந்து ஒருவர், "அந்தப் புள்ள வாயில இன்னொரு கட்டி சேத்துப் போடுத்தா, அறந்தாங்கி வரைக்கும் தாங்குறாப்புல" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

என் பேச்சுக்குப் பரிகாரம் நடந்தது. பிரேக்குக்கு ஒன்றும் நடக்கவில்லை. பழம் வைத்த இடத்துக்கு ஒரு முழம் மேலேதான் அந்தத் தேய்ந்த டிஸ்க் இருந்தது. குனிந்தவர்கள் யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

அறந்தாங்கி தாண்டி, கண்மாய்க்கரை மேல் போகும் சாலை. முன்னால் போன டவுன் பஸ் ஆள் இறக்க நின்றது. அப்பா பிரேக்கை மிதித்தார். கார் நிற்கவில்லை, இடது பக்கம் இழுத்தது. ஸ்டியரிங்கை அப்பா வலப்பக்கம் ஒடிப்பதைப் பார்த்தேன். கார் கேட்கவில்லை. கரையிலிருந்து இறங்கி, வறண்ட கண்மாய்க்குள் கருவேலம் புதரில் போய் முட்டி நின்றது. நின்ற பிறகும் கொஞ்ச நேரம் ஆப்பிள் பழங்கள் ஒவ்வொன்றாகத் தாம்பாளத்திலிருந்து உருண்டு என் காலடியில் விழுந்துகொண்டே இருந்தன.

அம்மாவுக்கு மணிக்கட்டு முறிந்தது, நெற்றியில் நாலு தையல். அப்பாவுக்கு மார்பில் அடி. எனக்கு ஒரு கீறல்கூட இல்லை. அதுவே ஒரு சாட்சியாகிவிட்டது. "அவளுக்கு மட்டும் ஒண்ணுமே இல்ல பாத்தியளா" என்று வேனில் வந்தவர்கள் பேசிக்கொண்டார்கள். நல்ல நேரம் தவறிவிடும் என்று ஒன்றுவிட்ட சித்தப்பா ஒருவர் போய் அத்தை மகளை மடியில் வைத்துக் காது குத்திவிட்டார். தாய்மாமன் மடி அறந்தாங்கி ஆஸ்பத்திரியில் படுத்திருந்தது.

சாயங்காலம் அத்தை அழுதுகொண்டே வந்தார். சுற்றி ஊர்க்காரர்கள். எப்படி ஆச்சு என்று யாரோ கேட்டார்கள். அப்பா கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "பிரேக்கெல்லாம் நேத்துத்தான் பட்டறையில காட்டிட்டு வந்தேன். எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு. கெளம்புற நேரத்துல புள்ள வாய வெச்சுருச்சு."

நான் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். பட்டறையில் நின்றதும் நான், கேட்டதும் நான். ஆனாலும் அந்த நிமிஷத்தில் அப்பா சொன்னதைத்தான் நம்பினேன். பெரியவர்கள் அத்தனை பேரும் ஒரே பக்கம் தலையாட்டும்போது பத்து வயதுப் பிள்ளை வேறு எதை நம்பும்?

அதற்குப் பிறகு நானே கேட்டு வாங்கிக் கற்கண்டு போட்டுக்கொள்ள ஆரம்பித்தேன். அப்பா விடுப்பு முடிந்து விமானம் ஏறப் போனபோது நான் அடுக்களையை விட்டு வெளியே வரவில்லை. கல்லூரியில் ஒரு தோழியின் துப்பட்டா ஸ்கூட்டர் சக்கரத்துக்கு ஒரு விரற்கடை தூரத்தில் தொங்கியது. சொல்லலாமா, சொன்னால் நடந்துவிடுமோ என்று நான் யோசித்து முடிப்பதற்குள் வண்டி கிளம்பிவிட்டது. துணி சிக்கி விழுந்து, முழங்கை உரிந்து ரத்தத்தோடு எழுந்தவள், "நீ பாக்கலையாடி?" என்று கேட்டாள். பார்த்தேன் என்று சொல்ல முடியவில்லை. அவள் விழுந்தது நான் பேசியதால் இல்லை, பேசாததால். அன்றைக்குத்தான் எனக்கு முதன்முதலாகச் சந்தேகம் வந்தது. சந்தேகம் வந்ததே தவிர, வாய் வரவில்லை.

போன வாரத்துக்கு வருகிறேன். அம்மா இறந்த பிறகு அப்பா எங்களோடு புதுக்கோட்டையில் இருக்கிறார். கணவர் வெளிநாட்டில். சனிக்கிழமை காலை, மீமிசலில் அத்தையைப் பார்க்க வேண்டும் என்று அப்பா ஆசைப்பட்டதால் மூன்று பேரும் கிளம்பினோம். தெருவைத் தாண்டவில்லை. பின்சீட்டிலிருந்து என் ஆறு வயது மகள், "அம்மா, நீ பிரேக்க அமுக்குனா முன்னாடி கீழ கரகரங்குது" என்றாள்.

அப்பா சட்டென்று திரும்பினார். "ஸ்... கெளம்பும்போது அப்புடியெல்லாம் வாய வெக்கக் கூடாது தாயி."

ஓரமாக வண்டியை நிறுத்தினேன். "நீ சொல்லு பாப்பா. எந்தப் பக்கம் கேக்குது?" என்றேன். "ரெண்டு பக்கமும்" என்றாள். மீமிசல் சாலைக்குத் திரும்ப வேண்டிய காரைப் பட்டறைக்குத் திருப்பினேன். "நேரமாகுதே" என்றார் அப்பா. "ஆகட்டும்பா" என்றேன். அப்பாவுக்கு எதிராக நான் சொன்ன முதல் வார்த்தை அதுதான் என்று நினைக்கிறேன்.

பட்டறைக்காரர் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்து, "பேடு மட்டும் போட்டாப் போதும்க்கா. டிஸ்க்கு இன்னும் கொஞ்ச நாள் ஓடும்" என்றார். எனக்கு உடனே தடுமாற்றம் வந்தது. அவர் இருபது வருஷம் தொழில் பார்க்கிறவர், நான் போனில் நாலு வீடியோ பார்த்தவள். இருந்தாலும், "அளந்து பாத்துச் சொல்லுங்க" என்றேன். அளந்தார். டிஸ்க்கிலேயே பொறித்திருந்த குறைந்தபட்ச அளவுக்கும் கீழே இருந்தது. அவர் தலையைச் சொறிந்தார். "ரெண்டு பக்கமும் மாத்திருங்க. நான் இருந்து பாக்குறேன்."

இருந்து பார்த்தேன். பேடைப் பிடித்திருக்கும் காலிபரை, அதற்குப் பிரேக் எண்ணெய் போகும் ஹோஸ் இழுபடாமல், கம்பியால் கட்டித் தொங்கவிட்டார். துருப்பிடித்த டிஸ்க் வர மறுத்தது, நாலு அடி அடித்துக் கழற்றினார். புது டிஸ்க்கை மாட்டப் போனபோது, "துருப்பிடிக்காம இருக்க அதுல எண்ணெய் பூசியிருக்கும், தொடைச்சீங்களா?" என்று கேட்டேன். "தொடைக்கத்தான்க்கா போறேன். நீங்க இந்த வேலைக்கு வந்தா நாங்க கடைய மூடிட்டுப் போக வேண்டியதுதான்" என்றார். எல்லாம் முடிந்து, வண்டியை நகர்த்துவதற்கு முன் பிரேக் பெடல் கெட்டியாகும் வரை அவர் எத்தனை தடவை மிதித்தார் என்றும் எண்ணினேன்.

கழற்றிய டிஸ்க் இரண்டும் தரையில் கிடந்தன. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அப்பா குனிந்து ஒன்றின் விளிம்பைத் தடவினார். "அதுவும் இப்புடித்தான் இருந்துச்சு" என்றார்.

"எதுப்பா?"

"அந்த வெள்ளக்காரு."

இத்தனை வருஷத்தில் அவர் வாயிலிருந்து அந்தக் காரைப் பற்றி வந்த முதல் பேச்சு. "அப்ப ஒங்களுக்குத் தெரியும்" என்றேன்.

"தெரியாம என்ன. அந்த ஆளு அம்புட்டுச் சொன்னானே."

"பெறகு ஏம்பா என் வாய் மேல போட்டீங்க?"

அப்பா என் மகளைப் பார்த்தார், பட்டறைக்காரரைப் பார்த்தார். "வெளிநாட்டுலேர்ந்து வந்து கார் வாங்குனவன், ஓட்டத் தெரியாமக் கண்மாயில விட்டான்னு சம்பந்தி வீட்டுல பேசுவாங்க. சின்னப்புள்ள மேல போட்டா யாரு என்ன செய்யப் போறாங்க, ரெண்டு நாள்ல மறந்துருவாங்கன்னு நெனச்சேன்."

"நான் மறக்கலப்பா."

அவர் டிஸ்க்கின் விளிம்பிலிருந்து கையை எடுத்தார். வயதானவர், மார்பில் அன்று பட்ட அடி குளிர்காலத்தில் இன்றும் வலிக்கிறது. விட்டுவிடு என்று எனக்குள் இருக்கும் பழைய பிள்ளை சொன்னாள். இத்தனை காலம் அவள் பேச்சைத்தான் கேட்டிருக்கிறேன். அன்று கேட்கவில்லை. அத்தைக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து அப்பாவிடம் நீட்டினேன். "அத்தைகிட்டச் சொல்லுங்க. என் மக முன்னாடி சொல்லுங்க."

"இங்க வெச்சா?"

"அன்னைக்கு ஆஸ்பத்திரியில அத்தன பேரு முன்னாடிதான் சொன்னீங்க."

போனில் அத்தை, "கெளம்பிட்டியளாண்ணே? மீனு வாங்கி வெச்சுட்டேன்" என்றார்.

அப்பா போனை வாங்கிக்கொண்டார். "ஆத்தா, ஒரு விசயம். அன்னைக்குக் காதுகுத்துக்கு வரும்போது வண்டி விழுந்துச்சுல்ல. பிரேக்கு போனது எனக்கு மொத நாளே தெரியும். மெக்கானிக்கு எடுக்காதேன்னான். புள்ளையும் சொல்லுச்சு. நாந்தான் கேக்கல. புள்ள மேல தப்பில்ல."

அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த மிக்ஸி நின்றது.

"அது எனக்கு அன்னைக்கே தெரியுமேண்ணே. நீ அழுதுக்கிட்டே அண்ணிகிட்டச் சொன்னியாமே, அண்ணி சொன்னாங்க. எங்க வீட்டுக்காரருக்கும் தெரியும். ஒன் பேரு கெட வேணாம்னு யாரும் பேசிக்கிறல."

ஆக, எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. முறிந்த கையோடு படுத்திருந்த அம்மாவுக்கும் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டேதான் என் கல்யாணத்துக்கு மறுநாள் வரை கற்கண்டைப் போட்டு என் வாயை அடைத்திருக்கிறார்கள். அம்மாவிடம் இனி கேட்க முடியாது. கேட்டிருந்தாலும், அப்பா பேர் என்று ஒன்று இருக்கிறதல்லவா என்றுதான் சொல்லியிருப்பார். எனக்கும் ஒரு பேர் வைத்தார்களே, அதைப் பற்றி ஒருவரும் யோசிக்கவில்லை. அழ வேண்டும்போல இருந்தது. அழவில்லை.

"புள்ள பக்கத்துல இருக்கா? கோவிச்சுக்கிட்டாளா?" என்று அத்தை கேட்டார்.

போனை நானே வாங்கினேன். "இருக்கேன் அத்தை. கோவந்தான். வேல முடிஞ்சிருச்சு, இப்பக் கெளம்பி வாரோம். வர்ற வழியில வண்டியில எதாச்சும் சத்தம் கேட்டா நானும் சொல்லுவேன், எம் மகளும் சொல்லுவா. மீமிசல் வர்ற வரைக்கும் சொல்லிக்கிட்டேதான் வருவோம். மீன கொஞ்சம் லேட்டாவே கொழம்பு வைங்க."